நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் மலைவீதிகளும்
தென்வேல்ஸில் ஒரு துவிச்சக்கர வண்டிப் பாதையின் சமூக வரலாறு

வரலாற்றுக்கான சான்றுகளாகக் கல்வெட்டுகள், ஆவணங்கள், நாணயங்கள், இலக்கியங்கள் முதலியவற்றைக் கொள்வது மரபு. வீதிகளும் அத்தகைய சான்றுகளே. ஒரு வீதி எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்குச் செல்கிறது, அது யாருடைய தேவைக்காக அமைக்கப்பட்டது, யாருடைய உழைப்பினால் அமைந்தது ஆகிய வினாக்களுக்கு விடை காணும்போது, அவ்வீதி அமைந்த சமூகத்தின் பொருளாதார உறவுகளும் ஒருங்கே புலப்படுகின்றன. இவ்வகையில், பிரித்தானியாவின் தென்வேல்ஸ் பிரதேசத்தில், முன்னாள் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளை ஊடறுத்துச் செல்லும் மலைப்பாதையொன்று சிறப்பாக ஆராயத்தக்கது. துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர் இன்று தம் வலிமையைச் சோதிக்கும் கடினமான பாதைகளுள் ஒன்றாக இதனைக் கருதுகின்றனர். ஆயின் இப்பாதை ஏன் கடினமாக அமைந்தது என்ற வினாவுக்குப் புவியியல் பாதி விடையையே தருகின்றது. எஞ்சிய பாதியை வரலாற்றிலேயே தேடவேண்டும்.

பாதையின் அமைப்பு

தென்வேல்ஸ் நிலக்கரி வயல், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு வடிநிலம் போன்று அமைந்தது. அதன் வடபாலுள்ள உயர்நிலங்களில் ஊற்றெடுக்கும் ஆறுகள் தெற்கும் தென்கிழக்குமாக ஓடிக் கடலை அடைகின்றன. பன்னெடுங்காலமாக இவ்வாறுகள் மேட்டுநிலத்தை அரித்து, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையான ஒடுங்கிய பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. ஒக்மோர், ரொந்தா, சைனன், டாவ் முதலிய ஆறுகளின் பள்ளத்தாக்குகள் இவற்றுள் சில. ரொந்தா என்பது பெரிய ரொந்தா, சிறிய ரொந்தா என்னும் இரு பள்ளத்தாக்குகளைக் குறிக்கும். இவ்விரண்டும் போர்த் என்னும் ஊரில் ஒன்றுகூடுகின்றன. பள்ளத்தாக்குகளுக்கிடையே மரங்களற்ற, காற்று மிகுந்த மேட்டுநில முகடுகள் மதில்கள் போல் நீண்டு கிடக்கின்றன.

இங்கு ஆராயப்படும் பாதை, ஒக்மோர்ப் பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள நாந்திமோயில் என்னும் ஊரில் தொடங்குகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 450 மீற்றர் உயரமுள்ள பூல்க் கணவாயை அடைந்து, கும்பார்க் வழியாகப் பெரிய ரொந்தாவிலுள்ள திரியோர்க்கிக்கு இறங்குகின்றது. 'பூல்க்' என்ற வேல்ஸ் மொழிச் சொல்லுக்குக் கணவாய் என்பதே பொருள். திரியோர்க்கியிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே வடக்காகத் திரிஹேர்பேர்ட் வரை சென்று, ரிகொஸ் மலைவீதியில் மீண்டும் ஏறி, சைனன் பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள ஹிர்வைன் என்னும் ஊரை அடைகின்றது. அங்கிருந்து அபர்டேர் நகருக்கு இறங்கி, மூன்றாம் முறையாக மலையேறி, மார்டி வழியாகச் சிறிய ரொந்தாவுக்குள் புகுந்து போர்த்தில் முடிவடைகின்றது. முழுத்தூரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் மாத்திரமே. அத்தூரத்துக்குள் மூன்று முகடுகளைக் கடக்கவேண்டியிருப்பதே இதன் கடினத்துக்குக் காரணம்.

ஒரு பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கிச் செல்பவனுக்கு இத்தகைய துன்பம் எதுவுமில்லை. ஆற்றின் போக்கிலேயே வீதியும் புகையிரதப் பாதையும் மெல்லிய சரிவில் இறங்கிக் கடற்கரைத் துறைமுகங்களைச் சேர்கின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குச் செல்ல முற்படுபவனே மலையேற வேண்டியவனாகின்றான். இவ்வேறுபாடு இயற்கையின் அமைப்பினால் தோன்றியதாயினும், அதனை உறுதிப்படுத்தி நிலைபெறச் செய்தது நிலக்கரியின் பொருளாதாரமே.

கடலை நோக்கிய பாதைகள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரொந்தாப் பள்ளத்தாக்குகள் செம்மறியாடுகள் மேயும், மக்கள் அருகிய மலைப்பகுதிகளாகவே இருந்தன. 1851ஆம் ஆண்டில் இரண்டாயிரம் பேரும் வாழ்ந்திராத அப்பகுதியில், 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 1 இலட்சத்து 52 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இரண்டு தலைமுறைக் காலத்தில் நிகழ்ந்த இப்பெருமாற்றத்துக்குக் காரணம், அங்கு கிடைத்த நீராவி நிலக்கரி எனப்படும் உயர்தர நிலக்கரியாகும். குறைந்த புகையுடன் மிகுந்த வெப்பத்தைத் தரும் இந்நிலக்கரியையே கடற்படைகளும் வாணிகக் கப்பல்களும் பெரிதும் விரும்பின.

நிலக்கரியைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழிகள், சுரங்கங்கள் முழு வளர்ச்சி எய்துவதற்கு முன்னரே உருவாகத் தொடங்கின. பியூட் பிரபுவின் முதலீட்டில் கார்டிஃப் நகரின் முதலாவது கப்பற்றுறை 1839இல் திறக்கப்பட்டது. கார்டிஃபை மேர்த்தர் நகருடன் இணைத்த டாவ் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1841இல் நிறைவுபெற்றது. 1855ஆம் ஆண்டின் இறுதியில், பெரிய ரொந்தாவின் தலைப்பிலுள்ள திரிஹேர்பேர்ட்டிலிருந்து முதலாவது நீராவி நிலக்கரிப் புகையிரதம் கார்டிஃபுக்குச் சென்றது. ரொந்தாவின் சுரங்க உரிமையாளருள் முதன்மை பெற்ற டேவிட் டேவிஸ் என்பவர், கார்டிஃப் துறைமுகத்தின் நெருக்கடியையும் கட்டணத்தையும் தவிர்க்கும் நோக்குடன், ஏனைய உரிமையாளருடன் சேர்ந்து பாரி என்னுமிடத்தில் புதிய துறைமுகமொன்றை அமைத்தார். 1889இல் திறக்கப்பட்ட பாரித் துறைமுகம், 1913இல் 1 கோடி 10 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை ஏற்றுமதி செய்து கார்டிஃபையும் விஞ்சியது. அதே ஆண்டில் தென்வேல்ஸ் நிலக்கரி வயலின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 5 கோடி 70 இலட்சம் தொன்னாகும். இரண்டேகால் இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அவ்வுற்பத்தியில் ஈடுபட்டிருந்தனர்.

இந்நிலக்கரி உலகக் கடல்வழிகளிலுள்ள நிலக்கரி ஏற்றும் துறைமுகங்கள் பலவற்றையும் சென்றடைந்தது. சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின், கீழைநாடுகளுக்குச் செல்லும் கப்பல்களின் எரிபொருள் நிலையங்களுள் ஒன்றாகக் கொழும்பும் வளர்ச்சியடைந்தது. ஒரு மலைநாட்டின் உட்பகுதியில் வெட்டப்பட்ட கரி, அம்மலைநாட்டு மக்கள் ஒருபோதும் காணாத துறைமுகங்களில் ஏற்றி இறக்கப்பட்டமை, அக்காலப் பேரரசுப் பொருளாதாரத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவதாகும்.

இவ்வகையில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு குழாய் போன்று செயற்பட்டது எனலாம். அதன் மேல்முனையில் சுரங்கம். கீழ்முனையில் துறைமுகம். இடையே புகையிரதம். அடுத்த பள்ளத்தாக்குடன் தொடர்புகொள்ள வேண்டிய தேவை நிலக்கரிக்கு இருக்கவில்லை. ஆகவே அத்தொடர்புக்கு வழிசெய்ய மூலதனமும் முன்வரவில்லை. மக்களுக்கு அத்தேவை இருந்தது. முகட்டின் மறுபுறத்தில் உறவினரும், அதே தொழில் புரியும் தோழரும் வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் மேய்ப்பர்களின் ஒற்றையடிப் பாதைகளிலே நடந்துசென்றனர். அல்லது புகையிரதத்தில் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மறு பள்ளத்தாக்கில் மீண்டும் ஏறிச் சுற்றிவந்தனர்.

இதற்கு ஒரு விதிவிலக்குண்டு. அவ்விதிவிலக்கும் மேற்கூறிய முடிபையே உறுதிப்படுத்துகின்றது. பெரிய ரொந்தாவின் தலைப்பிலுள்ள பிளைன்கும் என்னும் ஊரையும், மலைக்கு மறுபுறத்தில் ஆவன் பள்ளத்தாக்கிலுள்ள பிளைன்குவின்வி என்னும் ஊரையும் இணைக்கும் ரொந்தாக் குகைப்பாதை 1890இல் திறக்கப்பட்டது. 3,443 யார் நீளமுள்ள இதனை அமைத்தது ரொந்தா - சுவான்சி விரிகுடாப் புகையிரதக் கம்பனியாகும். ரொந்தாவின் நிலக்கரியைக் கார்டிஃபுக்குப் பதிலாகச் சுவான்சிப் பக்கத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். மலை துளைக்கப்பட்டதும் வேறொரு துறைமுகத்தை அடைவதற்காகவேயன்றி, அயலூரை அடைவதற்காக அன்று.

பள்ளத்தாக்குகளின் ஊர்ப்பெயர்களும் இப்பொருளாதாரத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கின்றன. திரிஹேர்பேர்ட் என்னும் பெயர் பியூட் பிரபுக்களின் முன்னோரான ஹேர்பேர்ட் குடும்பத்தைக் குறிப்பது. சிறிய ரொந்தாவிலுள்ள டைலர்ஸ்டவுண் அல்பிரட் டைலர் என்னும் சுரங்க உரிமையாளரின் பெயரையும், வற்ஸ்டவுண் எட்மண்ட் வற்ஸ் என்பவரின் பெயரையும் பெற்றன. கரி வெட்டியவர் பெயரால் அமைந்த ஊர் ஒன்றேனும் இப்பாதையில் இல்லை என்பது மனங்கொளத்தக்கது.

உழைப்பின் விலை

இப்பாதையில் சிறிய ரொந்தாப் பகுதி ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் நீளமுடையது. அவ்வொரு பகுதியின் விபத்து வரலாறே நிலக்கரியின் மெய்யான விலையை உணர்த்தப் போதியது. பேர்ண்டேல் சுரங்கத்தில் 1867இல் நிகழ்ந்த வெடிப்பில் 178 பேரும், இரண்டாண்டுகளின் பின் 1869இல் அதே சுரங்கத்தில் 53 பேரும் இறந்தனர். 1885 டிசெம்பரில் மார்டியில் 81 பேர் இறந்தனர். 1896 ஜனவரியில் டைலர்ஸ்டவுணில் 57 பேர் மாண்டனர்.

டைலர்ஸ்டவுண் விபத்து விஞ்ஞான வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ஜே. எஸ். ஹோல்டேன் என்னும் உடற்றொழிலியலறிஞர் அவ்விபத்தில் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, அவர்களுட் பெரும்பாலானோர் வெடிப்பின் தாக்கத்தினாலன்றிக் காபனோரொட்சைட்டு வாயுவினாலேயே இறந்தனர் என நிறுவினார். வெடிப்பினின்று தப்பியவர்கள் நஞ்சூட்டப்பட்ட காற்றினூடாக வெளியேற முயன்றபோதே மாண்டனர் என்பது இதனாற் புலனாயிற்று. மனிதரினும் முன்னதாக அந்நஞ்சுக்கு ஆட்படும் சிறு பிராணிகளை எச்சரிக்கைக் கருவிகளாகப் பயன்படுத்தலாம் என்று ஹோல்டேன் பரிந்துரைத்தார். சுரங்கங்களில் கனேரிப் பறவைகளை வைத்திருக்கும் வழக்கம் இவ்வாறே தோன்றியது.

இத்தகைய சூழலில் தொழிலாளரின் அமைப்புணர்வு கூர்மையடைந்தமை இயல்பே. பெரிய ரொந்தாவிலுள்ள டொனிபாண்டியில், கடினமான படிவத்தில் கரி வெட்டுவதற்குரிய கூலிவீதம் பற்றி எழுந்த பிணக்கு, கேம்பிரியன் கூட்டுக் கம்பனியின் சுரங்கங்கள் அனைத்திலும் வேலைநிறுத்தமாகப் பரவி, 1910 நவம்பரில் பொலிசாருடனான மோதலில் முடிந்தது. அப்போது உள்நாட்டமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் ஒப்புதலுடன் அப்பகுதியில் இராணுவம் நிறுத்தப்பட்டது. அப்பெயர் ரொந்தாவில் பல தலைமுறைகளாகக் கசப்புடன் நினைவுகூரப்பட்டமைக்கு இந்நிகழ்ச்சியே காரணம். 1912இல் டொனிபாண்டியில் வெளியிடப்பட்ட 'சுரங்கத் தொழிலாளரின் அடுத்த படி' என்னும் சிறுநூல், சுரங்கங்களின் நிருவாகத்தைத் தொழிலாளரே பொறுப்பேற்க வேண்டும் என வாதிட்டது. அக்கருத்து எண்பதாண்டுகளுக்கு மேலான இடைவெளியின் பின் இதே பாதையின் மறுமுனையில் செயல்வடிவம் பெற்றதைப் பின்னர் காணலாம்.

சுரங்கத்தினின்று வெளியேறிய சக்கரம்

இப்பள்ளத்தாக்குகளுக்கும் துவிச்சக்கர வண்டிக்குமுள்ள தொடர்பு அண்மைக்காலத்தில் ஏற்பட்டதன்று. அபர்டேர் நகரையடுத்த அபராமன் என்னும் சுரங்கக் கிராமம், 1890களில் ஐரோப்பாவின் புகழ்வாய்ந்த ஓட்டவீரர் சிலரை உருவாக்கியது. சிறுவயதில் அங்கு குடியேறிச் சுரங்கத்தில் வேலைசெய்த ஆதர் லின்டன், 1896இல் பொர்டோவிலிருந்து பாரிஸ் வரையிலான 590 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டப்போட்டியில் பிரெஞ்சு வீரர் ஒருவருடன் இணைந்து முதலிடம் பெற்றார். அதே ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் நெருப்புக் காய்ச்சலினால் இறந்தார். அவரது ஊரினரான ஜிம்மி மைக்கல், 1895இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் நடைபெற்ற போட்டியில் உலகச் சம்பியனானார். அவரும் நீண்டகாலம் வாழவில்லை. 1904இல் அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பலொன்றில் அவரது வாழ்வு முடிந்தது.

காற்று நிரப்பிய டயர் 1888இல் டன்லப் என்பவரால் உருவாக்கப்பட்டபின், துவிச்சக்கர வண்டி படிப்படியாக உழைக்கும் மக்களின் வாகனமாயிற்று. தொழிற்சாலை முதலாளிகளும் பத்திரிகைகளும் பரிசளித்த ஓட்டப்போட்டிகள், உடல்வலிமையைத் தவிர வேறெந்த முதலுமற்ற இளைஞருக்குச் சுரங்கத்தினின்று வெளியேறும் ஒரு வாயிலாயின. ஆயினும் அவ்வாயில் மிக ஒடுங்கியது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த பள்ளத்தாக்கில் ஓரிருவரே அதன் வழியாக வெளியேற முடிந்தது. அவர்களும் தம் உடலையே விலையாகக் கொடுத்தனர். அடுத்த தலைமுறையினர் பெருந்தொகையினராக வெளியேறியபோது, அது பரிசு பெறுவதற்காக நிகழவில்லை.

வேலையற்றோர் அமைத்த வீதிகள்

முதலாம் உலகப்போரின் பின் தென்வேல்ஸ் நிலக்கரித் தொழில் வீழ்ச்சியுற்றது. கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கின. ஜேர்மனி போரிழப்பீடாக வழங்கிய நிலக்கரியும், போலந்து நாட்டின் மலிவான நிலக்கரியும் ஐரோப்பியச் சந்தைகளைக் கைப்பற்றின. 1925இல் பிரித்தானியா மீண்டும் பொன் நியமத்தை மேற்கொண்டமையினால் அந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களின் விலை மேலும் உயர்ந்தது. ஏற்றுமதியையே நம்பியிருந்த தென்வேல்ஸ், உள்நாட்டுச் சந்தையைக் கொண்ட ஏனைய நிலக்கரி வயல்களைக் காட்டிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நட்டத்தைத் தொழிலாளரின் கூலியைக் குறைத்து ஈடுசெய்ய உரிமையாளர் முயன்றதன் விளைவாக 1926இல் கதவடைப்பு ஏற்பட்டது. மே மாதத்தில் அவர்களுக்கு ஆதரவாக நடைபெற்ற பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் முடிவுற்றது. சுரங்கத் தொழிலாளரோ ஏறத்தாழ ஏழு மாதங்கள் தனித்து நின்று போராடித் தோல்வியுற்றனர். 1921க்கும் 1936க்கும் இடைப்பட்ட காலத்தில் தென்வேல்ஸில் 240க்கு மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் தொகை 2 இலட்சத்து 71 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 26 ஆயிரமாகக் குறைந்தது. இரு போர்களுக்கிடைப்பட்ட காலத்தில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேல்ஸை விட்டு வெளியேறினர்.

பூல்க் கணவாய் வீதியும் ரிகொஸ் மலைவீதியும் இந்நெருக்கடியின் படைப்புகளாகும். 1920களில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்கு வேலை வழங்கும் பொதுப்பணிகளாகவே இவ்வீதிகள் அமைக்கப்பட்டன. நிலத்தடியில் பாறையைப் பிளந்து பழகிய கைகள் மலையின் புறத்தே பாறையைப் பிளந்து வழிசமைத்தன. செங்குத்தான மலைச்சரிவில் நேரே ஏறாது, வளைந்து வளைந்து சீரான சாய்வில் ஏறும் வகையில் இவ்வீதிகள் அமைந்துள்ளன. 100 அடிக்கு 5 அல்லது 6 அடி என்ற அளவிலான இச்சாய்வு மோட்டார் வாகனங்களுக்கு ஏற்றது. இன்று துவிச்சக்கர வண்டியோட்டிகள் ஒரே கதியில், ஆயின் ஓய்வின்றி மிதிக்க வேண்டியிருப்பதும் இதனாலேயே.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. நிலக்கரி செழித்தோங்கிய எழுபதாண்டுக் காலத்தில், கோடிக்கணக்கான பவுண் பெறுமதியான செல்வம் இப்பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேறியது. அச்செல்வம் கார்டிஃபில் கப்பற்றுறைகளையும், நிலக்கரிப் பரிவர்த்தனை மண்டபத்தையும், பிரபுக்களின் மாளிகைகளையும் எழுப்பியது. ஆனால் அயற் பள்ளத்தாக்குகளிரண்டை இணைக்கும் நல்ல வீதியொன்றை அமைக்க அது பயன்படவில்லை. தொழில் நலிந்து, உழைப்புக்கு வாங்குவோர் அற்றுப்போன பின்னரே அவ்வீதிகள் தோன்றின. பள்ளத்தாக்கின் வழியே செல்லும் பாதை நிலக்கரியின் வளத்தைக் குறிப்பது. முகட்டைக் கடக்கும் பாதை அதன் வீழ்ச்சியைக் குறிப்பது. இவ்வுண்மையே இப்பாதை முழுவதற்கும் திறவுகோலாகும்.

வீதிகள் மக்களுக்குப் பயன்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. பேருந்துகள் முகடுகளைக் கடந்தன. ஒரு பள்ளத்தாக்கில் வேலையிழந்தவர் மறு பள்ளத்தாக்கில் வேலை தேடுதல் எளிதாயிற்று. ஆயினும் பலரை நிரந்தரமாக வெளியேற்றிய வழிகளும் இவையே.

ஹிர்வைனும் கோபுரச் சுரங்கமும்

ரிகொஸ் மலைவீதி, கிளமோர்கன் பிரதேசத்தின் மிக உயர்ந்த இடமான கிறெய்க் எ லின் மலைமுகத்தின் அருகாக இறங்கி ஹிர்வைனை நோக்கிச் செல்கின்றது. அவ்விறக்கத்தின் அடியில் அமைந்திருந்தது ரவர் எனப்படும் கோபுரச் சுரங்கம். இரும்பாலை உரிமையாளரான குரோஷேய் குடும்பத்தினர் 1848இல் அருகில் எழுப்பிய கோபுரமொன்றின் பெயரே சுரங்கத்துக்கும் வழங்கலாயிற்று.

பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 ஜனவரி 1இல் தேசியமயமாக்கப்பட்டன. அரச உடைமையும் சுரங்கங்களின் மூடலைத் தடுக்கவில்லை. கோபுரச் சுரங்கம் இலாபமற்றது எனக் கூறப்பட்டு 1994 ஏப்ரிலில் மூடப்பட்டது. அதனை ஏற்க மறுத்த தொழிலாளர் 239 பேர், தமக்குக் கிடைத்த வேலைநீக்கக் கொடுப்பனவிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண் வீதம் முதலிட்டுச் சுரங்கத்தை வாங்கினர். தொழிற்சங்கத் தலைவரான டைரோன் ஓ'சலிவன் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1995 ஜனவரி 2இல் சுரங்கம் அவர்களின் உடைமையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. பயனற்றது எனக் கைவிடப்பட்ட அச்சுரங்கம் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் இயங்கி, வெட்டத்தக்க கரி தீர்ந்த பின்னரே 2008 ஜனவரியில் மூடப்பட்டது.

1912ஆம் ஆண்டுச் சிறுநூல் எதிர்பார்த்த முழுமையான சமூகமாற்றமாக இதனைக் கொள்ளல் பொருந்தாது. சந்தைப் பொருளாதாரத்தின் விதிகளுக்குட்பட்டே அச்சுரங்கம் இயங்கியது. ஆயினும், பொருளாதார அவசியம் என்ற பெயரில் கூறப்படும் முடிவுகள் யாவும் மாற்றவொண்ணாத இயற்கை விதிகள் அல்ல என்பதை அத்தொழிலாளர் நிறுவிக்காட்டினர். 2021 முதல் அச்சுரங்கத்தின் நிலம் கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கும் கேளிக்கை நிலையமாகப் பயன்படுகின்றது. மலையினின்று கரி இறங்கிய இடத்தில் இன்று பயணிகள் இறங்குகின்றனர்.

மார்டியும் எஞ்சிய குன்றுகளும்

அபர்டேரிலிருந்து மூன்றாவது முகட்டைக் கடந்து சிறிய ரொந்தாவுக்குள் புகும்போது முதலில் எதிர்ப்படுவது மார்டி. பொதுவுடைமை இயக்கம் வேரூன்றியிருந்த காரணத்தால் 'சின்ன மொஸ்கோ' என அழைக்கப்பட்ட ஊர் இது. 1946இல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரான ஆதர் ஹோர்னர், தம் தொழிற்சங்க வாழ்வின் தொடக்ககாலத்தில் இச்சுரங்கத்திலேயே பணியாற்றினார். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை ஓராண்டுக்காலம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது மார்டித் தொழிலாளருள் ஒருவரேனும் வேலைக்குத் திரும்பவில்லை. போராட்டம் தோல்வியுற்றபின், 1985 மார்ச் 5ஆம் நாள் விடியற்பொழுதில், சங்கத்தின் கொடியையும் இசைக்குழுவையும் பின்தொடர்ந்து அவர்கள் அணிவகுத்துச் சுரங்கத்துக்குச் சென்றனர். 1990 டிசெம்பர் 21இல் மார்டிச் சுரங்கம் மூடப்பட்டது. ரொந்தாவில் இயங்கிய இறுதிச் சுரங்கம் அதுவே.

மார்டியிலிருந்து போர்த் வரை இறங்கும் பள்ளத்தாக்கில் புகையிரதப் பயணிசேவை 1964இல் நிறுத்தப்பட்டது. தென்வேல்ஸின் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகள் பல, தண்டவாளங்கள் அகற்றப்பட்டபின் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியோட்டிகளுக்கும் உரிய வழிகளாயின. கார்டிஃபிலிருந்து பிறெக்கன் வரை 55 மைல் நீளும் டாவ் வழித்தடம் அவற்றுள் பெயர்பெற்றது. கரியேற்றிய புகையிரதங்களுக்காக அமைந்த மெல்லிய சரிவுகளாதலின், குழந்தைகளும் முதியோரும் அவற்றில் இலகுவாகச் செல்லலாம். 1968இல் மூடப்பட்ட ரொந்தாக் குகைப்பாதையையும் இவ்வகையில் மீளத்திறக்க வேண்டுமென இயங்கும் சங்கமொன்று அங்குண்டு. அம்முயற்சி நிறைவேறுமாயின், கரிக்காகத் துளைக்கப்பட்ட வழி முதன்முறையாக அயலூர் மக்களின் வழியாகும்.

ஆயின் இப்பசுமையின் கீழ் கடந்தகாலம் முற்றாக உறங்கிவிடவில்லை. சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட கழிவு, இடம் போதாத பள்ளத்தாக்கினின்று உயர்த்தப்பட்டு மலைச்சரிவுகளில் குவிக்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல், டாவ் பள்ளத்தாக்கிலுள்ள அபர்வான் என்னும் ஊரில் அத்தகைய குன்றொன்று நீர் ஊறிச் சரிந்து, ஊர்ப் பாடசாலையையும் வீடுகளையும் மூடியது. 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் இறந்தனர். அதற்குப் பொறுப்பாகவிருந்தது தேசிய நிலக்கரிச் சபையே என விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது. ஐம்பதாண்டுகளுக்கு மேலான காலத்தின் பின், 2020 பெப்ரவரியில், கடும்புயல் மழையின்போது டைலர்ஸ்டவுண் மலைச்சரிவிலிருந்து ஏறத்தாழ 60,000 தொன் கழிவு சரிந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியது. உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆயினும் வேல்ஸில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவுக் குன்றுகள் 2,000க்கு மேல் உள்ளன என்பதும், அவற்றைப் பாதுகாக்கும் செலவு யாரைச் சார்ந்தது என்பதும் அதன் பின்னர் அரசியற் பிரச்சினைகளாயின. நிலக்கரியின் இலாபம் தனியாரிடம் சென்றது. அதன் கழிவு பொதுமக்களிடம் எஞ்சியது.

முடிவுரை

துவிச்சக்கர வண்டியோட்டியின் நோக்கில் இப்பாதை மூன்று ஏற்றங்களும் மூன்று இறக்கங்களுமாகும். வரலாற்று மாணவனின் நோக்கில் அது ஒரு சமூகத்தின் ஏற்றமும் இறக்கமும் எதிர்மாறாகப் பதிவுசெய்யப்பட்ட ஏடு. எளிதாகச் செல்லும் பள்ளத்தாக்கு வழிகள் செல்வம் வெளியேறிய வழிகள். கடினமான மலைவீதிகள் வேலையற்ற மனிதர் ஒரு நாட்கூலிக்காகத் தம் அயலாரை நோக்கி வெட்டிய வழிகள். இன்று உடற்பயிற்சிக்கும் மகிழ்ச்சிக்குமாகத் தேடப்படுபவை பிற்கூறியனவே என்பது வரலாற்றின் விந்தை.

பழைய சுரங்க நிலங்கள் உல்லாசப் பயணத்துக்கும் விளையாட்டுக்கும் பயன்படுத்தப்படுவதைக் குறைகூறுவதற்கில்லை. தொழிலிழந்த ஊர்கள் ஏதேனும் ஒரு வழியால் வாழ வேண்டியுள்ளது. ஆனால் நிலத்தின் பயன் மாறும்போது அதன் நினைவும் அழிக்கப்படுமாயின், அம்மக்களிடமிருந்து இரண்டாவது முறையும் ஏதோவொன்று எடுத்துச் செல்லப்பட்டதாகும். முதன்முறை எடுத்துச் செல்லப்பட்டது கரி. சுரங்கக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, கழிவுக் குன்றுகளில் புல் முளைத்து, புகையிரதப் பாதைகள் நடைவழிகளாகிவிட்ட இந்நாளில், உரிமையாளரின் பெயர்கள் ஊர்ப்பெயர்களாய் நிலைத்துள்ளன. கரி வெட்டியவர்களுக்கோ, அவர்கள் பசியின் காலத்தில் அமைத்த மலைவீதிகளே பெயரற்ற நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. அச்சின்னங்களை அவற்றுக்குரிய பொருளுடன் வாசிப்பது வரலாற்றுக் கல்வியின் கடமையாகும்.